ஒரு பிளாஸ்டிக் தலைக்கு நேர்ந்த கொடுமை

நோயாளிகளைக் கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்பதற்கென்றே எங்கள் அரசாங்கம் ஓர் ஆணையம் வைத்திருக்கிறது. ரொம்ப நல்ல ஆணையம். தொடங்கிய நாளிலிருந்து ஒரு நோயாளிகூடப் படியேறி வந்து குறை சொன்னதில்லை என்று வாசலிலேயே பெரிய பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். அந்தப் படியில் ஏறுவது எவ்வளவு பாடு என்பதை மட்டும் எழுதவில்லை. பலகையில் இடம் பற்றவில்லை போலிருக்கிறது.

அந்தப் பலகையைப் பொய்யாக்கியவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு தனி பிரேக் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரின் தடுமாற்றத்தை அந்த ஒற்றைக் காலால் சமாளித்தவர். பழக்கதோஷம், வீட்டில் நாற்காலியில் இருக்கும்போதுகூட யாராவது அவசரப்பட்டு எதையாவது செய்யப் போனால் அவர் வலது கால் தரையை அழுத்தும். வாயால் அதட்டத் தெரியாத மனிதர்.

அவருக்கு ஒருநாள் தலை சுற்றியது. டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். ஊரில் இருப்பது ஒரே ஆஸ்பத்திரி, அதில் இருப்பது ஒரே மெஷின். மாஸ்டர் படுத்தார், தலை ஒரு பெரிய வளையத்துக்குள் போனது, வந்தது. தலைக்குள் கோளாறு ஒன்றுமில்லை, சும்மா சாப்பிடாமல் வெயிலில் அலைந்ததுதான் என்று தெரிந்தது. படம் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது என்று டாக்டர் பாராட்டினார். மாஸ்டருக்கு ஏதோ தானே அதற்குக் காரணம் போல வெட்கமாகக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் குளித்துவிட்டுத் துவட்டினார். துண்டோடு முடி வந்தது. ஒரு பக்கமாக வந்திருந்தால் வயதின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். வந்ததோ காதிலிருந்து காதுக்கு, பின்மண்டையைச் சுற்றி, நான்கு விரல் அகலத்துக்கு, ஓரம் பிசகாமல்.

"என்னங்க இது, தலைக்கு பெல்ட்டு கட்டி அவுத்த மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

சலூன்காரர் இதைவிட மோசமாக எடுத்துக்கொண்டார். பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். "இத்தனை வருஷமா என்கிட்டதான் வர்றீங்க. இப்ப எந்தக் கடையில போய்த் தலையக் குடுத்தீங்க?" என்று கேட்டவர், கடைசிவரை சமாதானம் ஆகவில்லை.

இதோடு போயிருந்தால் மாஸ்டர் வாங்கி மாட்டிய தொப்பியோடு காலத்தை ஓட்டியிருப்பார். அவர் சுபாவம் அப்படி. ஆனால் மனைவிக்குச் சில நாளாகத் தலைவலி. இடது கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் அவளுக்கும் தலை ஸ்கேன் எழுதினார். அதே ஆஸ்பத்திரி, அதே மெஷின், வருகிற மாதம் இரண்டாவது வியாழக்கிழமை. "தள்ளிப் போடாதீங்க. கண்ணு விஷயம். போச்சுன்னா திரும்ப வராது" என்று வேறு சொல்லிவிட்டார்.

எடுக்காமல் இருந்தால் கண், எடுத்தால் என்னவென்றே தெரியாத ஒன்று. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. தரை நிற்கிற மாதிரி இல்லை.

முதலில் ஆஸ்பத்திரி மேலாளரிடம் போனார். தொப்பியைக் கழற்றிக் காட்டினார். மேலாளர் தலையைப் பார்க்கவில்லை, சுவரைக் காட்டினார். அங்கே ஆணையத்தின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"மெஷின் நல்ல மெஷின்னு ஆணையமே எழுதிக் குடுத்திருக்கு. உங்க முடி வயசாகிக் கொட்டியிருக்கும்."

"வயசு இப்படி ஸ்கேல் வெச்ச மாதிரியா சார் வரும்?"

"அதெல்லாம் நீங்க ஆணையத்துலதான் கேக்கணும். எங்களுக்கு அவங்க சொல்றதுதான் வேதம்."

ஆணையத்தின் கட்டடம் நகரத்திலேயே பாதுகாப்பான கட்டடம். வாசலில் காவலாளி மாஸ்டரை நிறுத்தி, ஈயத்தகடு வைத்துத் தைத்த அங்கி ஒன்றை மாட்டிவிட்டார். சிமெண்ட் மூட்டை கனம் இருந்தது.

"உள்ள கதிர்வீச்சு மெஷின் இருக்குங்களா?" என்று மாஸ்டர் பயந்து கேட்டார்.

"ஒண்ணுகூடக் கிடையாது. இருந்தாலும் இது பாதுகாப்பு ஆணையம் பாருங்க, பாதுகாப்பா இருக்க வேணாமா?"

உள்ளே அத்தனை பேரும் அதே அங்கியில் முதுகு வளைந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் கட்டடமே ஏதோ பெரிய பாரத்தைச் சுமந்து உழைப்பதாகத் தோன்றும். தேநீர் கொண்டுவருகிறவர்கூட ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகுமுன் நின்று மூச்சு வாங்கினார். வரவேற்பில் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள்.

"நீங்க ஊழியரா, பொதுமக்களா?"

"நோயாளிம்மா."

"அப்படி ஒரு பிரிவு இங்க இல்லீங்களே."

"வாசல்ல நோயாளிப் பாதுகாப்பு ஆணையம்னு போட்டிருக்கே?"

"ஆமா. ஆணையமே உங்களுக்குத்தான். அதனாலதான் தனியா ஒரு பிரிவு தேவைப்படல" என்று அவள் பொறுமையாக விளக்கினாள். பிறகு, எதற்கும் முயற்சி செய்து பார்க்கட்டும் என்று பொதுமக்கள் பிரிவுக்கு அனுப்பினாள்.

பொதுமக்கள் பிரிவின் அதிகாரி அம்மாள் அன்பானவர். நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஸ்கேன் ரூம் கதவுக்கு நீங்க உள்ள இருந்தீங்களா, வெளிய இருந்தீங்களா?"

"உள்ளதாங்க. என் தலையைத்தானே எடுத்தாங்க."

"அப்ப நீங்க பொதுமக்கள் இல்ல. கதவுக்கு வெளிய இருக்கறவங்கதான் பொதுமக்கள். உங்ககூட யாராவது வந்தாங்களா?"

"என் வீட்டுக்காரி. பெஞ்சுல உக்காந்திருந்தா."

"அவங்களுக்கு முடி கொட்டுச்சா?"

"இல்லீங்க."

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? சட்டம் எவ்வளவு அருமையா வேலை செய்யுது!"

அங்கிருந்து ஊழியர் பிரிவுக்கு. அங்கே இருந்தவர் கறாரான ஆள்.

"அந்த ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்கறீங்களா?"

"இல்ல சார். நான்தான் அவங்களுக்குப் பணம் கட்டினேன்."

"அப்ப ஊழியர் இல்ல. இங்க பாருங்க, ஊழியர் மேல வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல கதிர் படக்கூடாதுன்னு வரம்பு இருக்கு. பொதுமக்களுக்கு அதைவிடக் கம்மி வரம்பு. நோயாளிக்கு மட்டும்தான் வரம்பே கிடையாது."

"ஏன் சார் கிடையாது?"

"அவருக்கு நன்மைக்குத்தானே படுது. நன்மைக்குப் போய் யாராவது வரம்பு வெப்பாங்களா?"

மாஸ்டர் இதை யோசித்துப் பார்த்தார். தவறு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. தலையில்தான் இருந்தது.

மூன்றாவதாகச் சுவர்ப் பிரிவு. ஆணையத்திலேயே பெரிய பிரிவு அதுதான். மெஷின் இருக்கிற அறையின் சுவர் எத்தனை கனம், கதவுக்குள் எத்தனை ஈயம், எச்சரிக்கை விளக்கு என்ன சிவப்பு என்று பார்ப்பவர்கள். சுவர் அதிகாரிக்குத் தன் வேலையின் மேல் உயிர். பேசும்போதே பக்கத்துச் சுவரைத் தட்டிக்கொடுப்பார்.

"நம்ம நாட்டுல எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை மெஷின்! இதுவரைக்கும் ஒரு சுவருக்காவது பாதிப்பு உண்டா? எங்கயாவது ஒரு விரிசல்? சொல்லுங்க!"

"சுவருக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான்."

"நீங்க சுவருக்கு அந்தப் பக்கம் நின்னிருக்கணும்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

திரும்பி வரும் நடையில் மாஸ்டர் நின்றுவிட்டார். எதிரே சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்கேன் படம். ஒரு தலையின் குறுக்குத் தோற்றம். மூக்கெலும்பு லேசாக இடப்பக்கம் வளைந்திருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாணவர் பூனைக்குட்டிக்காகப் போட்ட பிரேக்கில் வளைந்த மூக்கு அது. தன் மூக்கை இன்னொருவர் மூக்கென்று யாராவது நினைப்பார்களா? கீழே எழுதியிருந்தது: "தெளிவுக் கோப்பை, முதல் பரிசு."

"இது என் தலைங்க!" என்று மாஸ்டர் கத்தியே விட்டார். வாழ்நாளில் முதல் தடவை.

அடுத்த நிமிடம் அவரைச் சுற்றிக் கூட்டம். சுவர் அதிகாரி கை குலுக்கினார். பொதுமக்கள் அம்மாள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஊழியர் பிரிவின் கறார் ஆள்கூடத் தொப்பியைக் கழற்றச் சொல்லி அசல் தலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து ரசித்தார். விஷயம் இதுதான். மங்கலாக வந்தால் இன்னொரு படம் எடுக்க வேண்டும், இரண்டு படம் என்றால் நோயாளிக்கு இரண்டு மடங்கு கதிர். ஆகவே முதல் படமே தெளிவாக வரட்டும் என்று ஆணையம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. தெளிவான படத்துக்குக் கோப்பையும் அறிவித்திருந்தது.

"படம் தெளிவா வர என்ன சார் பண்ணணும்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"கதிரைக் கூட்டணும். கூட்டக் கூட்டப் பளிச்சுன்னு வரும்."

"எது வரைக்கும் கூட்டலாம்?"

"கோப்பை கிடைக்கிற வரைக்கும்."

கோப்பை வாங்கிய தலையைத் தலைவர் பார்க்காமல் அனுப்புவாரா? மாஸ்டரைத் தலைவரின் அறைக்கு அழைத்துப் போனார்கள். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். பெரிய மனிதர், குரலில் ஒரு கூட்டத்துக்குப் போதுமான கம்பீரம் இருந்தது. கேட்கிறவர் ஒருவராக இருந்தாலும் அவர் அதைக் குறைத்துக்கொள்ளவில்லை. மாஸ்டர் மனைவியின் கண்ணைப் பற்றிச் சொன்னார், வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னார், அதற்குள் அந்த மெஷின் எவ்வளவு கதிர் விடுகிறது என்று யாராவது அளந்து பார்த்தால் கோடி புண்ணியம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அளக்கறதுக்கு நம்மகிட்ட இல்லாத வசதியா? இங்க வாங்க" என்று தலைவர் அவரை அறையின் மூலைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், மெத்தை வைத்த பீடத்தில், ஒரு தலை இருந்தது. பிளாஸ்டிக்கில் செய்தது. கண், மூக்கு, காது எல்லாம் உண்டு, முகத்தில் எதற்கும் ஒத்துக்கொள்கிற ஒரு சாந்தம்.

"பரிசோதனைத் தலை. மனுஷத் தலை கதிரை எப்படி வாங்குமோ அப்படியே இதுவும் வாங்கும். உள்ள அளவுமானி இருக்கு, அதோட முள்ளு கழுத்துல தெரியும். மெஷின்ல வெச்சா நோயாளி மேல எவ்வளவு படுதுன்னு சொல்லிடும். அளவு மீறினா அலாரம் அடிக்கும்."

மாஸ்டருக்கு உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப சந்தோஷம் சார். அப்ப வியாழக்கிழமைக்குள்ள இதை ஒரே ஒரு தடவை அந்த மெஷின்ல வெச்சுப் பாத்துட்டா..."

தலைவர் ஓரடி பின்வாங்கினார். பெற்ற பிள்ளையைக் கேட்டிருந்தால்கூட அந்த முகம் அப்படிச் சுருங்கியிருக்காது.

"இதைக் கொண்டுபோய்க் கதிர்வீச்சுல வெக்கிறதா? என்ன பேசறீங்க? ஒவ்வொரு தடவை கதிர் படும்போதும் இதோட ஆயுசு குறையும் தெரியுமா? வாங்கி இத்தனை வருஷம் ஆச்சு, ஒரு கதிர், ஒரே ஒரு கதிர் இது மேல படாம நான் காப்பாத்திட்டு வர்றேன். இப்படி ஒரு பாதுகாப்பை உலகத்துல எந்தத் தலைக்கும் எவனும் குடுத்ததில்ல!"

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் தலைவர் இரக்கமில்லாதவர் அல்ல. கோப்பை வாங்கிய தலை கேட்டதற்காக ஓர் ஆய்வுக் குழுவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மாஸ்டரும் கூடப் போனார். குழு அறை வாசலில் நின்று முதலில் மெஷினை அணைக்கச் சொன்னது. மின் இணைப்பையும் பிடுங்கச் சொன்னது. பிறகு உள்ளே போய் ஒவ்வொரு மூலையிலும் கருவியை நீட்டி அளந்தது.

"பூஜ்யம்" என்றார் ஒருவர். "இங்கயும் பூஜ்யம்" என்றார் இன்னொருவர். சுவர் அதிகாரி சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினார்.

"சார், மெஷினைப் போட்டு அளந்தாத்தானே தெரியும்?" என்றார் மாஸ்டர்.

"போட்டா கதிர் வருமே! உள்ள நாங்க இருக்கோம்ல?" என்று குழுத் தலைவர் கோபித்துக்கொண்டார். இந்த மனிதருக்குப் பாதுகாப்பு என்றால் என்னவென்றே புரியவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னார்.

வெளியே பெஞ்சில் வேறு காரியமாக வந்த ஓர் அம்மாள் தலையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரின் தொப்பியைப் பார்த்தாள். மாஸ்டர் அவள் துணியைப் பார்த்தார். அவள் துணியைப் பின்னால் லேசாக விலக்கிக் காட்டினாள். நான்கு விரல் அகலம்.

"போன மாசம்" என்றாள். "எங்க மாமியார் பேன் தொல்லைன்னு சொல்றாங்க."

அன்று வீட்டுக்கு வந்த மாஸ்டர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மனைவி வாசற்படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். அடர்ந்த முடி, நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் அவளால் இப்போது சீப்பையே தேட முடிந்தது.

"முடி போறதுன்னா போகட்டுங்க. முக்காடு போட்டுக்கறேன்" என்றாள். "எனக்குப் பயம் அது இல்ல. முடி வெளிய இருக்கு, கொட்டினது தெரியுது. உள்ள கொட்டறது யாருக்குத் தெரியும்?"

"பக்கத்து ஊருக்குப் போயிடலாமா?"

"அங்க இருக்கறவங்களும் அந்தக் கோப்பைக்குத்தானே போட்டி போடறாங்க?"

எத்தனையோ பேரை மரத்தில் மோதாமல், பள்ளத்தில் விழாமல் நிறுத்தியவர் மாஸ்டர். சொந்த மனைவி போகிற வண்டியில் அவருக்கு பிரேக் இல்லை.

வியாழக்கிழமைக்கு முந்தின நாள் ஆணையத்திலிருந்து ஆள் வந்தது. நோயாளிப் பாதுகாப்பு வாரம் மறுநாள் தொடங்குகிறது, விழா அதே ஆஸ்பத்திரியில், பரிசோதனைத் தலையை மக்கள் பார்வைக்கு வைக்கப் போகிறார்கள். தலையைக் கொண்டுபோகிற டிரைவருக்குக் காய்ச்சல். வேகமே போகாத, குலுக்காத ஒரு டிரைவர் வேண்டும். ஊரில் விசாரித்ததில் எல்லோரும் மாஸ்டர் பெயரையே சொல்லியிருக்கிறார்கள்.

மாஸ்டர் ஒரு நொடி யோசித்தார். "கொண்டு வர்றேன். என் வீட்டுக்காரியும் வண்டியில வருவா, அவளுக்கு அங்கதான் ஸ்கேன்" என்றார்.

வந்தவருக்கு ஆட்சேபணை இல்லை. தலைக்கு மட்டும் இரண்டு சீட் பெல்ட் போட வேண்டும் என்றார்.

மறுநாள் காலை, முன்னால் ஆணையத்தின் கார்கள் வரிசையாகப் போக, கடைசியில் 'பயிற்சி வாகனம்' என்று எழுதிய மாஸ்டரின் கார் ஊர்ந்தது. பின் இருக்கையில் மனைவி, பக்கத்தில் இரண்டு பெல்ட்டுக்குள் தலை.

"என்னங்க, இது என்னையே பாக்குதுங்க."

"பாக்கட்டும். அங்கேருந்து இத்தனை நாளா யாருமே நம்மளப் பாக்கலியே."

ஆஸ்பத்திரிக் கூடத்தில் மேடை போட்டிருந்தது. எல்லோரும் எழுந்து நின்று நோயாளிகளைக் காப்போம் என்று நெஞ்சில் கை வைத்து உறுதி எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் உட்கார நாற்காலி போதாததால் அவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பிறகு தலைவர் பேச வந்தார். பேச்சு முடிந்ததும் தலையை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மாஸ்டருக்குக் கொடுத்திருந்த உத்தரவு.

"இந்த ஆண்டு மட்டும் நாங்கள் நூற்றுக்கணக்கான அறைகளை ஆய்வு செய்தோம்! எங்கும் கதிர்வீச்சு பூஜ்யம்! மெஷின்கள் இயங்காத நேரத்தில் நம் ஆஸ்பத்திரிகளைப் போலப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்று மார்தட்டிச் சொல்வேன்!"

கைதட்டல் அடங்கும் முன் நடையில் ஒரு நர்ஸ் வந்து மாஸ்டர் மனைவியின் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். மனைவி எழுந்தாள். மாஸ்டரும் எழுந்தார். கையில் துணி மூடிய தலை. மேடைக்கு வலப்பக்கம் போக வேண்டும், ஸ்கேன் அறைக்கு இடப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பினார்.

ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் அம்மாள் ஓய்வு பெறும் வயதுக்காரர். நாள் முழுக்கப் பொத்தான் அழுத்திச் சலித்துப்போன முகம்.

"யாருக்கு ஸ்கேன்?"

"என் வீட்டுக்காரிக்கு. ஆனா அவளுக்கு முன்னாடி இவருக்கு எடுங்க" என்று மாஸ்டர் துணியை விலக்கினார்.

"யாருங்க இது?"

"ஆணையத்துலேருந்து வந்திருக்காரு."

டெக்னீஷியன் அம்மாள் தலையை உற்றுப் பார்த்தார். பிறகு நீண்ட ஒரு மூச்சு விட்டார். "அங்கேருந்து ஒருத்தராவது இந்த மெஷினுக்குள்ள வரட்டும்" என்று சொல்லி, வாங்கி, மனிதர்களைப் படுக்க வைக்கிற அதே இடத்தில் வைத்தார். கதவைச் சாத்தினார். மாஸ்டரும் மனைவியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். "எங்களுக்கும் சந்தேகம்தாங்க. கோப்பை வந்தப்புறம் கை வெக்க விடமாட்டேங்கறாங்க, அளவைப் பூட்டிட்டாங்க" என்றபடி பொத்தானை அழுத்தினார்.

வளையம் சுற்றியது. தலை உள்ளே போனது. பாதி தூரம்கூடப் போகவில்லை, அலற ஆரம்பித்துவிட்டது.

அப்படி ஒரு அலறலை அந்த ஆஸ்பத்திரி கேட்டதில்லை. அந்த வளையத்துக்குள் போன மனிதர்கள் யாரும் கத்தியதில்லை. கதிர் பட்டால் வலிக்காது, சத்தமில்லை, மணமில்லை, அசையாமல் படுங்கள் என்று வேறு சொல்லியிருப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. தன்மேல் என்ன படுகிறது என்பதைத் தொண்டை கிழியச் சொன்னது. அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

மாஸ்டரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுலயா என்னைப் படுக்க வெக்க இருந்தாங்க?" என்றாள்.

கூடத்தில் தலைவரின் பேச்சு நின்றது. அவர் பேச்சு நடுவில் நின்றது அதுவே முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். மாஸ்டரின் தலைக்காக ஒரு மாடி இறங்காதவர்கள், ஈய அங்கியோடு ஓடி வந்தார்கள். சுவர் அதிகாரி வழியில் தடுக்கி விழுந்து, அங்கியின் கனத்தில் எழ முடியாமல் கிடந்தார். தலைவர் அறைக்குள் பாய்ந்து, தலையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"யார்யா இதைப் பண்ணினது? கல் நெஞ்சா உங்களுக்கு? ஒரு தலை மேல இவ்வளவு கதிரை விடலாமா? இந்த மெஷினை இப்பவே நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். அன்று மதியமே பொறியாளர்கள் வந்து இறங்கினார்கள். பூட்டைத் திறந்து பார்த்தால், அளவு இருக்க வேண்டியதைப் போல எட்டு மடங்கு. குறைத்தார்கள். மாலைக்குள் சுற்றறிக்கை வாபஸ், கோப்பையும் ரத்து. ஆணையத்தின் உடைமையான தலைகளுக்கு இனி இப்படி நேரக்கூடாது என்று நாடு முழுக்க எல்லா ஆஸ்பத்திரிக்கும் அவசரச் செய்தி போனது. மாஸ்டர் எத்தனை கும்பிட்டும் நகராத மலை, அந்த ஓர் அலறலுக்கு ஒரே நாளில் நகர்ந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை மனைவிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் டாக்டருக்குப் பார்க்க வேண்டியது தெரிந்தது. கண்ணுக்குப் போகிற நரம்பு ஒன்றில் வீக்கம். நேரத்தோடு வந்தீர்கள் என்று மருந்து எழுதினார். பார்வை மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒவ்வொரு காலையும் மாஸ்டர் அவள் சீப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வழக்கமாக உதிர்வதற்கு மேல் ஒரு முடி இல்லை.

பிறகுதான் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

ஆணையத்தின் மொத்தப் பேரும் அங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் குற்றச்சாட்டை வாசித்தார். மருத்துவத் தேவை எதுவும் இல்லாத, முழு ஆரோக்கியத்தோடு இருந்த ஒரு தலையை, அதன் சம்மதம் இல்லாமல், ஆபத்தான அளவு கதிர்வீச்சுக்கு உள்ளாக்கிய குற்றம்.

"என் தலைக்கு யார் சார் சம்மதம் கேட்டா?" என்றார் மாஸ்டர். குரல் உயர்ந்திருந்தது. இந்த இரண்டு மாதத்தில் அவர் வாயால் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

"உங்க தலைக்குக் கோப்பை குடுத்தோம்."

"எனக்கு அப்புறம் அந்த மெஷினுக்குள்ள போனவங்க எத்தனை பேரு? துணி சுத்திட்டு ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே, அவங்களை யாராவது கூப்பிட்டுக் கேட்டீங்களா? மாமியார்கிட்ட இன்னும் பேச்சு வாங்கிட்டு இருக்காங்க சார்!"

தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து கேட்டார். பிறகு நிமிர்ந்து, "எங்க பதிவுப்படி பாதிக்கப்பட்டது ஒருத்தர்தான். அவரு இங்கதான் இருக்காரு" என்றார்.

இருந்தார். புதிய கண்ணாடிப் பெட்டிக்குள், முன்பைவிட உயரமான மெத்தையில், கூசாமல் இருக்கட்டும் என்று பாதி இழுத்துவிட்ட திரைக்குப் பின்னால் அந்தத் தலை இருந்தது. அதற்கு ஆணையம் நீண்ட ஓய்வு அளித்திருந்தது. மேலும், கதிர்வீச்சால் பாதிக்கப்பட்ட நோயாளி என்று சட்டப்படி அதற்கு அங்கீகாரமும் கொடுத்திருந்தார்கள். ஆணையத்தின் சரித்திரத்தில் அந்த அந்தஸ்தைப் பெற்ற முதல் ஆள்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. மாஸ்டர் பாதிக்கப்பட்டவரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் விட்டுவிடுவார்கள்.

மாஸ்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. வாய்க்குள் ஏதாவது முனகிவிட்டு வெளியே போய்விடலாம் என்றுதான் எழுந்தார். பெட்டியின் முன்னால் போய் நின்றார். உள்ளே அதே சாந்தமான முகம். அன்றைக்கு இந்த முகம் வளையத்துக்குள் போனது ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் யார் படுத்திருக்க வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது.

"ஐயா" என்றார். "என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்கு அதுல படுத்திருக்க வேண்டியவ என் பொண்டாட்டி. அவளுக்குப் பதிலா உங்களைப் படுக்க வெச்சேன். உங்களைக் கேக்கல, கேக்க நேரம் இல்ல. இந்தக் கட்டடத்துலேருந்து நோயாளிக்காக அந்த மெஷினுக்குள்ள போன ஒரே ஆள் நீங்கதான். எங்களுக்காக வாய் திறந்த ஒரே ஆளும் நீங்கதான். உங்க ஆயுசு அதனால குறைஞ்சிருந்தா அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். அவ நல்லா இருக்கா. கண்ணு நல்லாத் தெரியுது."

மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார்.

பொதுமக்கள் பிரிவு அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தலைவருக்கே மனம் இளகிவிட்டது போலிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மாஸ்டரின் தோளை மெதுவாகத் தொட்டார்.

"கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க" என்றார். "கண்ணாடி மேல மூச்சுப் படுது."